போர்வெல்லை ஆழப்படுத்தும் முன் ஒரு டேப்பை இறக்குங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். எனக்கு நாலரை ஏக்கர், சம்பா நெல், அது முடிந்து உளுந்து. 2004-ல் 180 அடிக்குப் போர் போட்டோம், தண்ணீர் 45 அடியில் நின்றது. அதற்கப்புறம் மூன்று முறை பைப் இறக்கிவிட்டேன். இப்போது மோட்டார் 120 அடியில் இருக்கிறது, கோடையில் அதுவும் காற்று வாங்குகிறது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் இரவு பகலாகத் தண்ணீர் இறைப்பதால்தான் இப்படி என்று ஊரில் சொல்கிறார்கள். அதிகாரிகளைக் கேட்டால் மழை குறைவு, நீங்களே போர் மேல் போர் போட்டுவிட்டீர்கள் என்கிறார்கள். யார் சொல்வது சரி? 400 அடிக்கு ஆழப்படுத்தலாம் என்று மகன் சொல்கிறான், கடன்தான் வாங்க வேண்டும். வாய்க்காலில் வரும் சுரங்கத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, அதை நாற்றங்காலுக்கு விடலாமா? 2023-ல் வளையமாதேவியில் கதிர் வரும் பயிருக்குள் இயந்திரத்தை இறக்கி வாய்க்கால் வெட்டியதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. நிலத்தை விற்றுவிடலாமா என்றும் வீட்டில் பேச்சு இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஐயா, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு போகமாவது பொறுங்கள். 400 அடி போனால் தண்ணீர் கிடைக்காது என்று நான் சொல்லவில்லை, கிடைக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே கிடைப்பது எந்தத் தண்ணீர், எத்தனை வருடத்துக்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கடன் வாங்கக் கூடாது.

உங்கள் காலுக்குக் கீழே இருப்பது ஒரே தண்ணீர் இல்லை. மேலே வெள்ளாறும் மணிமுத்தாறும் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து போட்ட வண்டல் மணல், இடையிடையே களி. மழைத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் வயலில் நிற்பதும் முதலில் இறங்குவது இதில்தான். அதற்கு அடியில் கடலூர் மணற்பாறை என்று நாங்கள் சொல்லும் பழைய மணல் அடுக்குகள் வருகின்றன. நெய்வேலிப் பக்கம் அந்த அடுக்குகளுக்கு நடுவே பழுப்பு நிலக்கரி ஒரு பாய் போலக் கிடக்கிறது, இடத்துக்கு இடம் 10 முதல் 20 மீட்டர் கனம். அந்தப் பாய்க்கும் அடியில், தடித்த மணலில், மூடி போட்டு இறுக்கி வைத்த மாதிரி அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. உங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு காலத்தில் கடலூர்ப் பக்கம் ஆழப் போர் போட்டால் மோட்டாரே இல்லாமல் தானாகப் பொங்கி வழிந்தது என்பார்கள். அது இந்தத் தண்ணீர்தான்.

1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்பவருடைய நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோதுதான் கறுப்பாக ஏதோ கலந்து வந்து, நெய்வேலியில் நிலக்கரி இருப்பதே வெளியே தெரிந்தது. சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் தொடங்கியது 1956, வெட்டத் தொடங்கியது 1957, கரியைக் கண்ணால் பார்த்தது 1961. இடையில் போன நான்கு வருடத்தில் மேல் மண்ணை அகற்றியது ஒரு பங்கு வேலை என்றால், அடித் தண்ணீரைச் சமாளித்தது இன்னொரு பங்கு.

ஏன் சமாளிக்க வேண்டும்? அந்த அடித் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை இருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு. 60, 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தக்கூடிய பலம் அது. மேலே இருக்கும் மண்ணை எல்லாம் அள்ளி எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பீறிட்டுவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழக் கிணறுகளைப் போட்டு, அழுத்தம் குறையும் வரை இறைக்கிறார்கள். இதை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. சுரங்கம் வேலை செய்யும் வரைக்கும் இரவு பகலாக ஓடித்தான் ஆக வேண்டும், வெட்டு முகம் நகர நகர இந்தக் கிணறுகளும் கூடவே நகரும். நிலக்கரிக்கு மேலே உள்ள மணலில் இருக்கும் தண்ணீரையும் தனியாக வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழியின் சரிவு இடிந்து விழும்.

ஊரில் பேசுகிறவர்கள் பாதி விட்டுவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. மேல் மணலில் தண்ணீர் இறைப்பதும், மூடிய அடுக்கில் இறைப்பதும் வேறு வேறு கணக்கு. உங்கள் மேல் மணலில் ஒரு ஹெக்டேரில் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் சுமார் 15 லட்சம் லிட்டர் வெளியே வந்திருக்கும். அழுத்தத்தில் இருக்கும் அடி அடுக்கில் அதே ஒரு ஹெக்டேரில் 1 மீட்டர் இறங்குவதற்கு 5,000 லிட்டர் எடுத்தாலே போதும், ஒரு சின்ன டேங்கர். மண்ணைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் வித்தியாசம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்கிற அளவில்தான் இருக்கும். சைக்கிள் ட்யூபில் ஒரு இடத்தில் முள் குத்தினால் முழு ட்யூபும் தளர்ந்துவிடுகிறது இல்லையா, அந்த மாதிரி. அதனால் ஓரிடத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் அந்தத் தளர்ச்சி மைல் கணக்கில் பரவும், வேகமாகவும் பரவும். அடி அடுக்கில் குடிக்கிற போர் சுரங்கத்திலிருந்து தூரமாக இருந்தாலும் அதை உணரும். மேல் மணலில் குடிக்கிற போர் குழிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ஒழிய உடனே உணராது.

உடனே என்றுதான் சொன்னேன். முன்பு அடித் தண்ணீரின் அழுத்தம் களியைத் தாண்டி மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மேல் மணலுக்கு ஊட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது. அடியில் அழுத்தம் போய்விட்டால் அந்தக் கசிவு திசை மாறி, மேலே இருக்கிற தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கும். களி கனமாக இருந்தால் பல வருடம் எடுக்கும், மெல்லியதாகவோ இடையில் விட்டுவிட்டோ இருந்தால் சீக்கிரம் தெரியும். வண்டல் பாசன நிலத்துக்கு நிலக்கரிச் சுரங்கத்தால் வருகிற பாதிப்பில் எனக்கு அதிகமாகக் கவலை தருவது இதுதான். கண்ணுக்குத் தெரியாமல், யார் பெயரிலும் பதியாமல் நடந்துவிடும்.

சரி, யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் பேசுவதும் சரியாக இருக்கலாம், அதிகாரி சொல்வதும் சரியாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். 2004-ல் உங்கள் வாய்க்கால் ஓரத்தில் எத்தனை போர் இருந்தது, இன்று எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இலவச மின்சாரம் நமக்குப் பெரிய உதவி, ஆனால் மீட்டர் இல்லாத இறைப்பில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கே இல்லை. அதற்காகச் சுரங்கத்தின் பங்கை ஒதுக்கிவிடவும் முடியாது. தீர்ப்பு சொல்ல எனக்கு இரண்டு விஷயம் வேண்டும்: உங்கள் போர் எந்த அடுக்கில் குடிக்கிறது, தண்ணீர் மட்டம் மாதாமாதம் எங்கே நின்றது. இந்த இரண்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. குறை சொல்லவில்லை, எனக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பதில் இருப்பதில்லை.

முதலாவதைக் கண்டுபிடிக்க 2004-ல் போர் போட்டவரைத் தேடிப் பிடியுங்கள். கைபோர் போட்டிருந்தால் மேஸ்திரிக்கு ஞாபகம் இருக்கும், எத்தனை அடியில் களி தட்டியது, எத்தனை அடியில் வெள்ளை மணல் வந்தது, ஜல்லடை பைப்பை எந்த ஆழத்தில் வைத்தார்கள் என்று. அந்த ஜல்லடை இருக்கிற ஆழம்தான் உங்கள் போரின் வாய். 180 அடியில் முடிந்திருந்தாலும் ஜல்லடை 70-லிருந்து 110 வரைதான் என்றால் நீங்கள் மேல் மணலில் குடிக்கிறீர்கள். கனமான களியைத் தாண்டி அதற்குக் கீழே மட்டும் ஜல்லடை இருந்தால் கதை வேறு. இரண்டு இடத்திலும் வைத்திருந்தால், அது ரொம்பப் பேர் செய்கிற தவறு, மேலே இருக்கும் தண்ணீர் உங்கள் பைப் வழியாகவே கீழே வடிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, டேப். கடையில் 50 மீட்டர் டேப் ஒன்று வாங்குங்கள், நுனியில் ஒரு நட்டைக் கட்டி, கடைசி நாலைந்து அடிக்குச் சாக்பீஸைத் தேயுங்கள். போர் மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, மோட்டார் வயரில் சிக்காமல் இருக்க அரை அங்குல பிவிசி பைப் ஒன்றை உள்ளே இறக்கி, அதன் வழியாக டேப்பை விடுங்கள். தண்ணீரில் முங்கிய பாகத்தில் சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும், மேல் விளிம்பில் படித்த அளவிலிருந்து அதைக் கழித்தால் மட்டம். விடியற்காலையில், மோட்டார் இரவு முழுக்க ஓடாமல் இருந்த பிறகு எடுக்க வேண்டும். எப்போதும் கேசிங் பைப்பின், அதாவது போரின் வெளிப் பைப்பின், அதே விளிம்பிலிருந்து. மாதம் இரண்டு முறை போதும். பக்கத்து வயலில் பழைய திறந்த கிணறு ஒன்று உயிரோடு இருந்தால் அதையும் அதே காலையில் அளந்துவிடுங்கள். ஆழம் குறைந்த கிணறு, ஆழமான போர், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்த ஜோடி அளவுக்கு மதிப்பே தனி.

அந்த ஜோடி என்ன சொல்லும் தெரியுமா? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இரண்டுமே ஏறி, கோடையில் இரண்டுமே இறங்கினால் மழையும் நம் மோட்டார்களும்தான் முக்கியக் காரணம். நல்ல மழை பெய்து திறந்த கிணறு நிரம்பி நிற்கிறது, ஆனால் ஆழப் போரில் மட்டம் மழைக்காலத்திலும் இறங்கிக்கொண்டே போகிறது, இரண்டு மூன்று வருடம் இப்படியே என்றால், அடி அடுக்கில் யாரோ இடைவிடாமல் அழுத்தத்தை எடுக்கிறார்கள் என்று அர்த்தம். விவசாயி இடைவிடாமல் இறைப்பதில்லை. கரண்ட் போனால் நிற்கும், அறுப்புக்கு நிற்கும், மழைக்கு நிற்கும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்து உங்கள் மாவட்டத்தில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் கிடந்ததே, அந்த நாட்களில் ஊரில் ஒருவர் டேப் விட்டு அளந்து எழுதி வைத்திருந்தால், நம் மோட்டார்கள் எல்லாம் நின்றபோது மட்டம் எவ்வளவு ஏறியது என்று இன்று தெரிந்திருக்கும். நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். யாரிடமும் இல்லை.

ஒரே ஒருவர் வேறு ஒரு ஊரில் இருந்தார், அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனுஷர். மோட்டார் கொட்டகையின் உள்சுவரில் அடுப்புக்கரியால் அமாவாசைக்கு அமாவாசை ஒரு கோடு, பக்கத்தில் ஒரு எண். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, முழம் போட்டு அளந்த கணக்கு. பதினோரு வருடம், கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக. நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தப் பகுதியில் எங்கள் அலுவலகக் கோப்புகளில் இருந்ததைவிட அதில் அதிகம் இருந்தது. அடுத்த வாரம் கேமராவோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், வேலையில் இரண்டு மாதம் தள்ளிப் போய்விட்டது. போனபோது பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அதனால்தான் உங்களிடம் நோட்டில் எழுதுங்கள், மாதாமாதம் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து மகனுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள் என்கிறேன்.

மட்டத்தோடு கூடவே மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்றும் பாருங்கள். டெலிவரி பைப்புக்கு அடியில் 200 லிட்டர் பேரலை வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று எண்ணினால் போதும். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். பேரல் 25 விநாடியில் நிறைந்தால் ஒரு ஏக்கருக்கு 7 மணி நேரம், 50 விநாடி ஆனால் 14 மணி நேரம். அதே ஹெச்பி மோட்டார் இரண்டு மடங்கு ஆழத்திலிருந்து தூக்கினால் தண்ணீர் கிட்டத்தட்டப் பாதியாகத்தான் வரும். தண்ணீர் மட்டம் இறங்கியதால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் இந்த 7-ம் 14-ம்தான் பதில். மும்முனை மின்சாரம் வருகிற மணி நேரத்துக்குள் நாலரை ஏக்கரையும் முடிக்க முடியாமல் ராத்திரி ராத்திரியாக மடை மாற்றிக்கொண்டு நிற்பது நஷ்டம் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது, அதனால் நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது 400 அடி. ஜல்லடை மேல் மணலில் இருக்கிறது என்று தெரியவந்தால், மகன் சொல்வது தொழில்நுட்பமாகத் தப்பில்லை, அடியில் தண்ணீர் உண்டு. ஆனால் நீங்கள் மழையையும் வாய்க்காலையும் நம்பி இருக்கிற அடுக்கை விட்டுவிட்டு, சுரங்கம் அழுத்தத்தை இறக்கிக்கொண்டிருக்கிற அடுக்குக்கே போய்ச் சேருகிறீர்கள். சுரங்கம் உங்கள் பக்கம் நகர்ந்தால் அங்கே மட்டம் இன்னும் இறங்கும், மறுபடியும் பைப், மறுபடியும் பெரிய மோட்டார். கடனை அடைப்பதற்குள் 400 போதாமல் போகலாம். நிலைமை அப்படியே மோசமாகி, வேறு வழியில்லை என்று ஆழமாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை: கேசிங் பைப்புக்கு வெளிப்பக்கம், அந்தக் கனமான களி இருக்கிற ஆழத்தில், ஜல்லி கொட்டாமல் களியோ சிமெண்டோ போட்டு அடைக்கச் சொல்லுங்கள். ரிக்காரர் அதெல்லாம் தேவையில்லை என்பார், அரை நாள் கூடும் என்பதால். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். அடைக்காவிட்டால் ஊரின் மேல் தண்ணீர் உங்கள் போர் ஓரமாகவே கீழே இறங்கும். சிதம்பரம், பரங்கிப்பேட்டை போகப் போகக் கரையோரத்தில் சில இடங்களில் மேல் தண்ணீரே உப்பு, அங்கே அடைக்காமல் விட்டால் நல்ல தண்ணீரில் உப்பு கலக்கும்.

அதைவிட முதலில் செய்ய வேண்டியது இருக்கிற 180 அடி போரைக் கம்ப்ரசர் வைத்துச் சுத்தம் செய்து பார்ப்பது. இருபது வருடப் போர், ஜல்லடையில் இரும்புத் துருவும் நைஸ் மணலும் அடைத்திருந்தால் வெளியே மட்டம் நன்றாக இருக்கும்போதே உள்ளே மோட்டார் காற்று வாங்கும். சுரங்கமும் காரணமில்லை, மழையும் காரணமில்லை என்று ஆகிவிட்ட போர்களை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் போடுவதற்கு முன் மட்டம் 60 அடியில் இருந்து, போட்ட பத்தே நிமிடத்தில் 120-க்குப் போய்விட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைப்பைத்தான்.

வாய்க்கால் தண்ணீருக்கு வருகிறேன். சுரங்கத்திலிருந்து வருகிற எல்லாமே ஒன்றில்லை. ஆழக் கிணற்றிலிருந்து நேராக இறைத்து விடுகிற தண்ணீர் ஒன்று, அது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். குழிக்குள் தேங்கிய மழைத் தண்ணீரையும் கசிவையும் இறைத்து விடுவது இன்னொன்று, அதில் களியும் கரித்தூளும் வரும். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையிலிருந்து வருவது மூன்றாவது. இவை பரவனாற்றிலும் ஓடைகளிலும் கலந்து வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய்ச் சேருகின்றன. அந்தத் தண்ணீரை நம்பி இன்று விவசாயம் செய்கிற கிராமங்கள் இருக்கின்றன, அதை நான் மறைக்க மாட்டேன், கோடையிலும் நடவு செய்ய முடிகிறது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அடியிலிருந்த நம் தண்ணீர்தான், ஒருவர் இறைத்து வாய்க்காலில் விடுகிறார். சுரங்கம் நின்றால் அந்த வாய்க்காலும் நிற்கும். கூடவே வந்த மண்ணில் வாலாஜா ஏரி மேடாகித் தூர்ந்து போய், பிறகு தூர்வார வேண்டியிருந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நாற்றங்காலுக்கு அந்தக் கலங்கல் தண்ணீர் வேண்டாம். நைஸ் களி நாற்றங்கால் மேல் படிந்து காய்ந்தால் அப்பளம் போலத் தகடு பிடிக்கும், முளை மேலே வர முடியாது. ஒரு வாளியில் மொண்டு வைத்து மறுநாள் காலையில் பாருங்கள், அடியில் எவ்வளவு படிகிறது, என்ன நிறம் என்று. ஒரு விரல் கனம் கரிய சேறு படிந்தால் வயலுக்கும் நேராக விடாதீர்கள், ஒரு மூலையில் குட்டை எடுத்துத் தேக்கித் தெளிந்ததை மட்டும் விடுங்கள். நாற்றங்காலுக்கு உங்கள் போர்த் தண்ணீரே போதும், சின்ன இடம்தானே. தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். மின்கடத்து திறன் (தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டுவது, dS/m கணக்கில்) 0.7-க்குள் இருந்தால் பயமில்லை, 3-ஐத் தாண்டினால் நெல்லுக்கு வேண்டாம். எஞ்சிய சோடியம் கார்பனேட் (meq/L கணக்கில்) 1.25-க்குள் இருந்தால் நல்லது, 2.5-க்கு மேல் போனால் நாளாக நாளாக மண் இறுகிவிடும். கார அமில நிலை 6.5-லிருந்து 8.4 வரை. குறிப்பாக 6.5-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். நிலக்கரியோடு இருக்கும் கந்தகக் கனிமம் காற்றுப் பட்டால் அமிலமாகும், அமிலத் தண்ணீர் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வரும்.

பாதரசம், மற்ற உலோகங்கள் சாதாரண மண் பரிசோதனையில் தெரியாது, அதற்கு வேறு ஆய்வகம் வேண்டும். 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களில் நீரையும் மண்ணையும் எடுத்துச் சோதித்து அறிக்கை வெளியிட்டார்கள், பாதரசமும் அதில் வந்தது, நிறுவனம் மறுத்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அந்த விவகாரம் எப்படிப் போனாலும், வாய்க்கால் தண்ணீரை வீட்டில் யாரும் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், மாட்டுக்கும் காட்டாமல் இருந்தால் நல்லது.

உங்கள் கடிதத்தில் வளையமாதேவி பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டியபோது நடந்தது அது, 2023 ஜூலை. நானும் அந்தப் படங்களைப் பார்த்தேன். இன்னும் பத்து இருபது நாள் நின்றிருந்தால் என்று தோன்றாத ஆள் இருக்க மாட்டார். அந்தப் பயிருக்கு நீதிமன்றம் வரை போய் இழப்பீடு பேசப்பட்டது. ஆனால் நிலம் எடுக்கப்படாமல், பயிர் அழிக்கப்படாமல், தண்ணீர் மட்டும் இறங்கிப் போன உங்களைப் போன்றவருக்கு எந்தக் கணக்கில் என்ன கொடுப்பது என்பதற்கு நம்மிடம் தெளிவான வழி இல்லை. என் தொழிலில் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் இது. அமெரிக்காவில் 1977-லேயே திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். மொண்டானா, வயோமிங் மாதிரி மழை குறைந்த மேற்குப் பகுதிகளில், ஆற்று வண்டல் பள்ளத்தாக்கில் நடக்கும் பாசன விவசாயத்தை நிறுத்துகிற மாதிரியோ, அதற்குத் தண்ணீர் கொடுக்கும் நிலத்தடி நீரின் அளவையும் தரத்தையும் கெடுக்கிற மாதிரியோ சுரங்கத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று அதிலேயே எழுதினார்கள். அதில் விதிவிலக்குகளும் உண்டு, எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் சுரங்கத்தால் ஒருவரின் கிணறு கெட்டால் சுரங்கக்காரர் மாற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டத்தில் இருக்கிறது. நம் ஊருக்கும் அப்படி ஒரு வரி வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்ற மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து ஒன்றிய அரசு எடுத்ததே, டெல்டா முழுக்க எழுந்த எதிர்ப்பால்தானே எடுத்தது.

ஊராகச் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, மனுவுக்கு 10 ரூபாய் செலவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. உங்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் கடந்த இருபது வருட மட்ட அளவுகள், ஒவ்வொன்றும் எந்த அடுக்கில் ஜல்லடை வைத்தது, சுரங்கத்தில் வருடம் தோறும் எந்த அடுக்கிலிருந்து எவ்வளவு இறைத்தார்கள், இவ்வளவுதான் கேட்க வேண்டும். மாநில நீர்வளத் துறையிடம் ஒன்று, சுரங்க நிறுவனத்திடம் ஒன்று. சுரங்கத்தால் எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டதா என்று கேட்டால் பதில் வராது, எண் கேட்டால் வரும். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய சுரங்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 என்று, நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஊரில் யாராவது இருந்தால் இணையத்தில் இறக்கித் தரச் சொல்லுங்கள். அந்த அறிக்கையில் இருக்கும் கண்காணிப்புக் கிணற்று மட்டத்தையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நாளில், அதிகாரி முன்னால் நீங்கள் உட்கார்ந்து பேசும் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நிலத்தை விற்பது பற்றி நான் எப்படிச் சொல்வேன்? அது உங்கள் குடும்பம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. தண்ணீர்க்காரனாக ஒன்று மட்டும் சொல்ல முடியும். அடி அடுக்கில் போன அழுத்தம், இறைப்பது நின்றால் வருடங்கள் எடுத்தாலும் திரும்ப வரும். ஆனால் வெட்டி எடுத்த இடத்தில் வெள்ளாறு அடுக்கி வைத்த மணலும் களியும் கலந்து கொட்டப்பட்டு விடும், அதில் பழைய மேல் தண்ணீர் பழையபடி நிற்காது. உங்கள் நிலம் வெட்டுகிற எல்லைக்குள் வருகிறதா, வெளியே இருந்து மட்டம் இறங்குகிற எல்லையில் இருக்கிறதா என்பதை முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை பேசுவது அதற்கப்புறம்.

இந்த மாதக் கடைசிக்குள் மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, முதல் இரண்டு அளவையும் பேரல் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். மோட்டார் போடுவதற்கு முன் ஒரு மட்டம், போட்டு பத்தாவது நிமிடம் ஒன்று, நிறுத்தி அரை மணி கழித்து ஒன்று. அந்த மூன்று எண் வந்தால் போர் அடைத்திருக்கிறதா இல்லையா என்பதை அடுத்த பதிலிலேயே சொல்லிவிடுவேன்.